விகுதியே இல்லாத வாக்கியத்தைப் பிரிச்சுப் படிக்கிறது எப்படி

மாண்டரின் சீனம் கத்துக்க ஆரம்பிச்ச முதல் வாரம் நான் செஞ்ச வேலை என்னன்னா, ஒரு நோட்டுல கோடு போட்டு நான், நீ, அவன், அவள், நாங்கன்னு வரிசையா எழுதி, மேல இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்னு மூணு கட்டம் போட்டு, இனிமே நிரப்பினா போதும்னு உக்காந்தது. நிரப்ப ஒண்ணுமே இல்ல. "பாரு", "படி" ரெண்டுக்கும் "கான்"னு ஒரு வினைச்சொல் இருக்கு, அது நான் படிச்சாலும் கான், நீ படிச்சாலும் கான், நேத்தும் கான், நாளைக்கும் கான். படிச்சேன், படிக்கிறாள், படிப்பாங்கன்னு வாலைப் பார்த்தே ஆளு யாரு, காலம் எது, எத்தனை பேருன்னு கண்டுபிடிச்சுப் பழகின நமக்கு இது கையை விட்ட மாதிரி இருக்கும். இந்த மாதிரி மொழிய முதல்முறையா தொடுறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், ஏன்னா சரியான இடத்துல தேடினா எல்லாமே கெடைக்குது, அதுவும் தமிழ் பேசறவங்களுக்கு நெனச்சதை விட சீக்கிரமா கெடைக்குது.

இந்த வகை மொழிக்குத் தமிழ்ல தனிநிலை மொழின்னு பேரு, தமிழ் ஒட்டுநிலை மொழி, அதாவது சொல்லோட வாலுல விகுதிகளை ஒட்டிக்கிட்டே போற மொழி. 1818-ல ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகல்னு ஒரு ஜெர்மன் அறிஞர் மொழிகளை மூணா பிரிச்சப்போ, சீனம் மாதிரி மொழிகளை இலக்கண அமைப்பே இல்லாத மொழிகள்னு ஒரு பக்கம் ஒதுக்கிட்டார். அந்த எண்ணம் ரொம்ப நாள் ஓடுச்சு, இன்னைக்கும் சிலர் "சீனத்துக்கு கிராமர் கிடையாது"ன்னு சொல்றதைக் கேக்கலாம், அது சுத்தமா தப்பு. இலக்கணம் இருக்கு, சொல்லோட வாலுல இல்ல, அவ்வளவுதான்.

இது ஆமா-இல்லங்கிற விஷயம் இல்ல, அளவு விஷயம். ஜோசப் கிரீன்பர்க்னு ஒரு அமெரிக்க மொழியியல் அறிஞர் 1960-ல ஒரு கணக்கு போட்டுக் காமிச்சார், ஒரு மொழில நூறு சொல் எடுத்து அதுல அர்த்தம் தர்ற சின்னச் சின்ன துண்டு மொத்தம் எத்தனைன்னு எண்ணி வகுக்கணும். வியட்நாமியத்துக்கு ஒரு சொல்லுக்கு 1.06 துண்டு, இங்கிலீஷுக்கு 1.68, சமஸ்கிருதத்துக்கு 2.59, எஸ்கிமோ மொழிக்கு 3.72. நம்ம "வந்துக்கிட்டிருந்தாங்க"ல எத்தனை துண்டுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க, வியட்நாமியம் எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு தெரியும். இன்னொண்ணு, தனிநிலைன்னா எல்லாச் சொல்லும் ஓரசைன்னு நெனச்சுடாதீங்க, இன்னைய மாண்டரின்ல ஏகப்பட்ட சொல் ரெண்டு அசை, "தியன் நாவ்" அதாவது மின்சார மூளை, கம்ப்யூட்டர். துண்டுகள் சேரும், ஆனா ஒரு துண்டு இன்னொண்ண உருமாத்தாது.

சரி, ஒரு வாக்கியம் முன்னாடி இருக்கு, எங்க ஆரம்பிக்கிறது? வினைச்சொல்லைக் கண்டுபிடிங்க, அதுக்கு முன்னாடி யாரு நிக்கறாங்க பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாருங்க. "வோ ஐ நீ"ன்னா நான் உன்னை நேசிக்கிறேன், "நீ ஐ வோ"ன்னா நீ என்னை நேசிக்கிற. (ஆமா, மாண்டரின்லயும் "நீ"ன்னா நீ தான், ரெண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்ல, வெறும் தற்செயல், ஆனா மறக்கவே மறக்காது.) தமிழ்ல "உன்னை நான்", "நான் உன்னை" எப்படி மாத்திப் போட்டாலும் "ஐ" உருபு காப்பாத்திடும், இங்க காப்பாத்த ஆள் இல்ல, நிக்கிற இடம்தான் வேற்றுமை. அதனால தமிழ் பேசறவங்க முதல்ல விட வேண்டிய பழக்கம், சொல்லை இஷ்டத்துக்கு நகத்தறது.

இடம்ங்கிறது யாரு செஞ்சது யாருக்குச் செஞ்சதுங்கிறதோட நின்னுடல, இங்கதான் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கணும். "ஹென்"னா ரொம்ப, "பூ"ன்னா இல்ல, "ஹாவ்"னா நல்லா. "ஹென் பூ ஹாவ்"னா ரொம்ப மோசம், "பூ ஹென் ஹாவ்"னா அவ்வளவு நல்லா இல்ல, சுமார்னு அர்த்தம், அதே மூணு சொல்தான். "தாமென்"னா அவங்க, "தோ"ன்னா எல்லாரும், "ச்யூ"ன்னா போ. "தாமென் தோ பூ ச்யூ"ன்னா யாருமே போகல, "தாமென் பூ தோ ச்யூ"ன்னா எல்லாரும் போகல, சிலர் மட்டும் போறாங்க. இல்லைங்கிற சொல் தனக்கு வலப்பக்கம் இருக்கறதை மட்டும்தான் மறுக்குது, இந்த ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி இது. "கெ ரென்"னா விருந்தாளி, "லாய்"னா வா. "கெ ரென் லாய் லெ"ன்னு சொன்னா, நாம எதிர்பார்த்துக்கிட்டிருந்த அந்த விருந்தாளி வந்துட்டாங்க. "லாய் கெ ரென் லெ"ன்னு வினைய முன்னாடி போட்டா, யாரோ விருந்தாளி வந்திருக்காங்க, யாருன்னு பாரு. "அந்த"வும் "யாரோ"வும் வாக்கியத்துல எங்கயுமே இல்ல, வினைக்கு முன்னாடி நின்னா தெரிஞ்ச ஆள், பின்னாடி நின்னா புது ஆள். இதை முதல்முறையா புரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு, ஒரு மொழி வெறும் வரிசையை வெச்சு இவ்வளவு நுணுக்கமா பேச முடியுமான்னு ரொம்ப நேரம் அதையே திரும்பத் திரும்ப சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

வியட்நாமியத்துலயும் இடம் இதே மாதிரி வேலை பாக்குது. "தோய்" நான், "டோக்" படி, "சாக்" புத்தகம். "மோய்"னு ஒரு சொல் இருக்கு, அது பெயருக்குப் பின்னாடி வந்தா புது, வினைக்கு முன்னாடி வந்தா இப்பத்தான். "தோய் டோக் சாக் மோய்"னா நான் புதுப் புத்தகம் படிக்கிறேன், "தோய் மோய் டோக் சாக்"னா நான் இப்பத்தான் புத்தகம் படிச்சேன். அகராதிய எடுத்து "மோய்"க்கு நேரா என்ன இருக்குன்னு மட்டும் பாத்தா போதாது, அது எங்க நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் எந்த அர்த்தத்தை எடுக்கணும்னு முடிவு பண்ணணும்.

அடுத்து சின்னச் சொற்கள். இவைதான் நம்ம விகுதி செய்யற வேலைய தனியா நின்னு செய்யறவை, ஒரு மொழில தினமும் வர்றது ஒரு இருபது முப்பதுதான் இருக்கும், அதை முதல்லயே ஒரு அட்டைல எழுதி வெச்சுக்கோங்க. வியட்நாமியத்துல வினைக்கு முன்னாடி "டா" வந்தா முடிஞ்சது, "டாங்" வந்தா நடந்துக்கிட்டிருக்கு, "ஸே" வந்தா இனிமே. தாய்லாந்து மொழில "ஜ" முன்னாடி வந்தா இனிமே நடக்கப்போறது. இதெல்லாம் சுலபம், மனப்பாடம் பண்ணா வந்துடும். எல்லாரும் சறுக்கற இடம் மாண்டரினோட "லெ".

"லெ"ய பாதிப் பாடப்புத்தகம் இறந்தகாலம்னு சொல்லிக் குடுக்குது, அப்படி எடுத்துக்கிட்டீங்கன்னா காலத்துக்கும் தப்பாத்தான் பேசுவீங்க. ஏன்னா நாளைக்கு நடக்கப்போறதுக்கும் லெ வரும், நேத்து நடந்ததுக்கு லெ வராமலும் போகும். "மிங் தியன் வோ கான் லெ ஷூ ஜியோ ச்யூ", வார்த்தைக்கு வார்த்தை போட்டா: நாளைக்கு, நான், படி, லெ, புத்தகம், உடனே, போ. இதை இங்கிலீஷ் வழியா யோசிச்சா எதிர்காலத்துல எதுக்கு இறந்தகாலம்னு மண்டை காயும். தமிழ்ல சொல்லிப் பாருங்க: நாளைக்குப் புத்தகம் படிச்சுட்டுப் போவேன். "படிச்சுட்டு"! நாமளும் நாளைக்கு நடக்கப்போறதுக்கு "படிச்சு"ன்னு இறந்தகால எச்சத்தைத்தானே போடறோம், யாருக்காவது அது உறுத்துதா? இல்லவே இல்ல, ஏன்னா அங்க காலம் முக்கியம் இல்ல, ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணுங்கிறதுதான் முக்கியம். லெ அதுதான், வேலை முடிஞ்சுதுங்கிற முத்திரை. காலத்தைச் சொல்ல நேத்து, நாளைக்குன்னு தனிச் சொல் இருக்கு, அது ஒரு தடவை வந்துட்டா போதும். "ஸுவோ தியன் ஹென் லெங்", நேத்து ரொம்பக் குளிர், இதுல லெ கிடையாது, குளிரா இருக்கறது முடிக்கற வேலை இல்லையே.

லெயோட இன்னும் ரெண்டு பேரைச் சேத்துப் பாருங்க, தமிழ் எப்படிப் பொருந்துதுன்னு தெரியும். "தா ச்யூ லெ பெய்ஜிங்"னா அவன் பெய்ஜிங் போயிட்டான். "தா ச்யூ குவோ பெய்ஜிங்"னா அவன் பெய்ஜிங் போயிருக்கான், அதாவது எப்பவோ ஒரு தடவை போய் வந்த அனுபவம் இருக்கு. "மென் கை லெ"ன்னா கதவு திறந்துடுச்சு, "மென் கை ஜெ"ன்னா கதவு திறந்திருக்கு, திறந்த நிலைலயே நிக்குது. லென்னா "ட்டான்", குவோன்னா "ருக்கான்", ஜென்னா "திறந்திருக்கு"ல வர்ற "இருக்கு". நூத்துக்கு நூறு பொருந்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆரம்பிக்கறவங்களுக்கு இங்கிலீஷ் காலங்களை விட இது எவ்வளவோ பக்கத்துல கொண்டுபோய் விடும். ஒரு எச்சரிக்கை, நடக்கலைன்னு சொல்லும்போது "மெய்" போடணும், மெய் வந்தா வினைக்குப் பின்னாடி ஒட்டற லெ போயிடும். வோ மெய் கான், நான் படிக்கல. முடியாத வேலைக்கு முடிஞ்சுதுன்னு முத்திரை எதுக்கு?

மூணாவதா, வினையே உருபு வேலை பாக்கறதைக் கவனிங்க. இது பெரிய விஷயம், தனிநிலை மொழிகள்ல வேற்றுமைங்கிறது பெரும்பாலும் வினைச்சொற்கள் வரிசையா நின்னுதான் உண்டாகுது. "வோ யோங் பீ ஷியெ", நான், பயன்படுத்து, பேனா, எழுது. பேனாவால எழுதறேன்னு அர்த்தம். இலக்கணப் புத்தகத்துல நமக்கு "ஆல்" மூணாம் வேற்றுமை, ஆனா வாயில என்ன வருது? பேனா வெச்சு எழுதறேன்! வெச்சுங்கிறது வைங்கிற வினைதானே. "வீட்டுல இருந்து"ல இருக்கற இருந்து யாரு, இருங்கிற வினை. "அவனை விட உயரம்"ல விட யாரு, விடுங்கிற வினை. மாண்டரின்ல "வோ பீ தா காவ்"னா நான், ஒப்பிடு, அவன், உயரம், அதாவது அவனை விட நான் உயரம் (பேனாவுக்கு வர்ற பீயும் இந்தப் பீயும் வேற வேற சொல்). தாய்லாந்து மொழில "அவ்"னா எடு, "மா"ன்னா வா, "பை"ன்னா போ, "அவ் மா"ன்னா கொண்டு வா, "அவ் பை"ன்னா கொண்டு போ. நம்ம கொண்டு வா, கொண்டு போவேதான், நாம முதல் வினைய எச்சமாக்கி "உ"ல முடிக்கிறோம், அவங்க அப்படியே பக்கத்துல நிறுத்தறாங்க. அதனால ஒரே வாக்கியத்துல ரெண்டு மூணு வினை வரிசையா வந்தா பயப்படாதீங்க, முதல் வினைய "செஞ்சு"ன்னு மனசுக்குள்ள எச்சமாக்கிப் படிச்சுப் பாருங்க, பெரும்பாலும் வாக்கியம் திறந்துடும்.

இதுலயே இன்னொரு அழகு, மாண்டரினோட "பா". பழைய அர்த்தம் கையால பிடிங்கிறது. "வோ பா ஷூ கான் வான் லெ"ன்னா நான் புத்தகத்தைப் படிச்சு முடிச்சுட்டேன். செயப்படுபொருள் வினைக்கு முன்னாடி வந்துடுச்சு, முன்னாடி "பா" நிக்குது. எப்ப பா போடலாம்? எந்தப் புத்தகம்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும்போது. நம்ம பேச்சுல "புத்தகம் படிச்சேன்"னா ஏதோ ஒரு புத்தகம், "புத்தகத்தைப் படிச்சேன்"னா அந்தக் குறிப்பிட்ட புத்தகம், அதே கோடு கிட்டத்தட்ட அதே இடத்துல ஓடுது.

"கெடைச்சுது"ங்கிற அர்த்தம் தர்ற சொல்லை மட்டும் தனியா கவனிச்சு வெச்சுக்கோங்க. வியட்நாமியத்துல அது "டுவக்". "தோய் டுவக் டி"ன்னா எனக்குப் போகக் கெடைச்சுது, "தோய் டி டுவக்"னா என்னால போக முடியும். வினைக்கு முன்னாடி வந்தா வாய்ப்பு, பின்னாடி வந்தா முடியும்ங்கிற சக்தி. தாய்லாந்து மொழியோட "தாய்"ங்கிற சொல்லும் இதே மாதிரி முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வேலை பாக்குது, கம்போடியால பேசற கெமெர் மொழியோட "பான்" கூட அப்படித்தான், மூணும் ஒரே குடும்பம் இல்ல, ஆனா பக்கத்துப் பக்கத்துல வாழ்ந்து ஒரே பழக்கத்துக்கு வந்திருக்கு. டுவக்குக்கு எதிரா "பி"ன்னு ஒண்ணு இருக்கு. "தோய் டுவக் கென்", என்னைப் பாராட்டினாங்க. "தோய் பி ஃபாத்", எனக்குத் தண்டனை குடுத்தாங்க. ரெண்டுமே செயப்பாட்டுவினை, ஆனா நல்லது நடந்தா ஒரு சொல், கெட்டது நடந்தா இன்னொரு சொல். நம்ம "படு"வும் ஒரு காலத்துல அனுபவிங்கிற வினைதான், அடிபட்டான், கஷ்டப்பட்டான், சொல்லப்பட்டதுன்னு வந்தது அதுலேர்ந்துதான்.

எண்ணிக்கைக்கு ரொம்ப நேரம் வேண்டாம். பன்மை விகுதி பொதுவா கிடையாது, எண் சொன்னா போதும், நாமளும் பேசும்போது மூணு புத்தகம்னுதானே சொல்றோம், மூணு புத்தகங்கள்னு யாரு சொல்றா. ஆனா எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவுல ஒரு அளவைச் சொல் வந்தே ஆகணும், "சான் பென் ஷூ", மூணு பென் புத்தகம், தட்டையானதுக்கு "ஜாங்", நீளமா வளையறதுக்கு "தியாவ்". "மூணு பேர் வந்தாங்க"ல வர்ற "பேர்" இருக்கே, அது மாதிரின்னு நெனச்சுக்கோங்க. தாய்லாந்து மொழில வரிசை மாறும், பொருள் முதல்ல, அப்புறம் எண், அப்புறம் அளவை: "மா சாம் துவா", நாய் மூணு உடம்பு. வியட்நாமியத்துல உயிருள்ளதுக்கு "கோன்"னு போடுவாங்க, கத்திக்கும் ஆத்துக்கும் கூட கோன் தான், அதனால தர்க்கம் தேடாம ஒவ்வொரு பெயரையும் அளவையோடவே சேத்து மனப்பாடம் பண்ணுங்க. ஒவ்வொண்ணும்னு சொல்லணும்னா சொல்லை ரெண்டு தடவை சொன்னா ஆச்சு, மாண்டரின்ல "ஜியா ஜியா", வியட்நாமியத்துல "ஞா ஞா", தமிழ்ல வீடு வீடா.

தொனியைப் பத்தி ஒரு வார்த்தை. இந்த மொழிகள்ல தொனி பெரும்பாலும் சொல்லையே வேறாக்கற வேலைதான் பாக்குது, இலக்கணத்துக்கு இல்ல. ஆனா பழைய இலக்கணத்தோட தடம் சில இடத்துல தொனில ஒளிஞ்சிருக்கு. "மாய்"ங்கிறதைத் தாழ்த்தி ஏத்திச் சொன்னா வாங்கு, மேலேர்ந்து சட்டுனு இறக்கிச் சொன்னா வித்துடு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின சீனத்துல ரெண்டாவதுக்குக் கடைசில ஒரு "ஸ்" ஒட்டியிருந்துச்சு, அந்த ஒலி தேய்ஞ்சு போய் இறங்கற தொனியா மிஞ்சிடுச்சுங்கிறதுதான் இன்னைக்குப் பரவலா ஏத்துக்கிட்ட விளக்கம். கடைசி மெய் தேய்ஞ்சு தொனியா மாறும்னு 1954-ல வியட்நாமியத்தை வெச்சுக் காமிச்சவர் ஆந்த்ரே ஓட்ரிகூர்ங்கிற பிரெஞ்சு மொழியியல் அறிஞர். அதாவது தனிநிலை மொழின்னா ஆதிலேர்ந்தே இப்படித்தான்னு இல்ல, வால் இருந்து உதிர்ந்து போனதாவும் இருக்கலாம்.

கடைசியா, எல்லாரும் தடுமாறற ஒண்ணு: சொல்லாததைச் சொல்லாததாவே விட்டுடணும். "தா"ன்னா அவனா அவளா? ஒலில வித்தியாசமே இல்ல, எழுத்துல அவளுக்குத் தனி எழுத்து பரவினதே 20-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலதான். வியட்நாமியத்துல "அன்"னா அண்ணன், "எம்"னா தம்பி தங்கச்சி, ஆனா நான், நீக்கு பதிலாவும் அதுவேதான். "அன் இயெவ் எம்"னு ஆண் சொன்னா நான் உன்னை நேசிக்கிறேன், அதே மூணு சொல்லைப் பெண் சொன்னா நீ என்னை நேசிக்கிற. வாக்கியத்தை எவ்வளவு உத்துப் பார்த்தாலும் விடை கெடைக்காது, யாரு பேசறாங்கன்னு தலையைத் தூக்கிப் பாக்கணும்.

இப்ப எல்லாத்தையும் ஒரே வாக்கியத்துல செஞ்சு பாருங்க. "ஸுவோ தியன் தா கெய் வோ மாய் லெ சான் பென் ஷூ." வினை எது? மாய், வாங்கு. முன்னாடி யாரு? தா, அவனோ அவளோ, முந்தின வாக்கியத்தைப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. நடுவுல கெய், குடுங்கிற வினை, ஆனா வோவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அதனால எனக்கு, நம்ம "வாங்கிக் குடு"வோட குடு. லெ வந்திருக்கு, வாங்கி முடிச்சாச்சு. ஸுவோ தியன் வந்திருக்கு, நேத்து. சான் பென் ஷூ, மூணு புத்தகம். நேத்து அவன் எனக்கு மூணு புத்தகம் வாங்கிக் குடுத்தான். இப்ப தாவையும் வோவையும் இடம் மாத்துங்க, நான் அவனுக்கு வாங்கிக் குடுத்ததா ஆயிடும். லெய எடுத்துட்டு கெய்க்கு முன்னாடி மெய் போடுங்க, கூடவே "சான் பென்"னையும் எடுத்துடுங்க, வாங்கிக் குடுக்கலன்னு ஆகும். கடைசில "மா" சேருங்க, கேள்வி. மாயோட தொனிய மட்டும் இறக்கிச் சொல்லிப் பாருங்க, வாங்கினது வித்ததா மாறிடும். கடைசில மாத்தின தொனியைத் தவிர ஒரு சொல்லோட உருவமும் இதுல மாறல, இதே மாதிரி தினம் ஒரு வாக்கியம் எடுத்து அஞ்சு விதமா நகத்திப் பாருங்க, நோட்டுல கட்டம் போடவே வேண்டாம்.